மாயக்கதை உலகுக்குப் பெயரும் சொல்லும் ஆக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழில் மாயக்கதை எழுதும் இளையவர்கள் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. மந்திரமும் மறைந்த அரசுகளும் வரும் கதைகளை ஆங்கிலத்தில் வாசித்து வளர்ந்தவர்கள் இவர்கள். எழுத உட்கார்ந்தால் கதை தமிழில் ஓடுகிறது. பெயர் வைக்கும் இடத்தில் மட்டும் கை நின்றுவிடுகிறது.

கற்பனை நாட்டுக்குப் பெயர் வைக்க எங்கிருந்து தொடங்குவது?

யார் முதலில் அப்படிக் கூப்பிட்டார் என்பதிலிருந்து தொடங்குங்கள். வரைபடத்தை வரைந்து வைத்துக்கொண்டு வெற்றிடங்களை நிரப்பினால் எல்லாப் பெயர்களும் ஒரே மேசையில் பிறந்தவையாகவே இருக்கும். ஊர்ப்பெயர் என்பது அங்கே நின்ற ஒருவரின் வாயிலிருந்து வந்தது. அவர் எங்கே நின்றார், எதைப் பார்த்தார் என்பது அந்தப் பெயருக்குள் இருக்கும்.

கொழும்பையே எடுத்துக்கொள்ளுங்கள். புறக்கோட்டை என்பது கோட்டையை நடுவில் வைத்துப் பார்த்தவர்களின் பெயர். கோட்டைக்கு வெளியே இருப்பதே அந்தக் கடைத்தெருவின் அடையாளம். மதில்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே இடிக்கப்பட்டுவிட்டன, பெயர் இன்னும் மதிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கறுவாத்தோட்டத்தில் இன்று மாளிகைகளும் தூதரகங்களும்தான். கறுவா பெயரில் மட்டும் மணக்கிறது. கொம்பனித்தெருவை ஆங்கிலத்தில் அடிமைத்தீவு என்றே நெடுங்காலம் அழைத்தார்கள், ஒல்லாந்தர் அடிமைகளை அடைத்துவைத்த இடம் என்பதால். உள்ளூர்க்காரர் வாயில் கொம்பனி நின்றது, ஆங்கிலத்தில் அடிமைகள் நின்றார்கள். ஒரே இடத்துக்கு இருக்கும் இந்த இரண்டு பெயர்களுக்குள் ஒரு நாவலே கிடக்கிறது.

மட்டக்களப்பார் தங்கள் வாவியின் கிழக்குப் பக்கத்தை எழுவான்கரை என்றும் மேற்குப் பக்கத்தை படுவான்கரை என்றும் சொல்கிறார்கள். சூரியன் எழும் கரை, படும் கரை. இதைவிடச் சிறந்த மாயக்கதைப் பெயரை நான் கண்டதில்லை. இதை யாரும் கதைக்காக உருவாக்கவில்லை.

ஒரு பெயரை ஆரம்பத்திலிருந்து உருவாக்கிக் காட்ட முடியுமா?

ஒரு துறைமுகம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அங்கே இருந்தவர்கள் மீன்பிடிப்பவர்கள். கரைக்கு வரும் அலை அங்கே மூன்று மூன்றாக உடைகிறது. தோணியை எப்போது தள்ள வேண்டும் என்பது அவர்களுக்கு உயிர்ப்பிரச்சினை. ஆகவே மூவலைத்துறை.

பிறகு வெளிநாட்டு வணிகர்கள் வருகிறார்கள். அவர்கள் நாவில் ‘ழ’, ‘ள’ மட்டுமல்ல, நீண்ட பெயர்களும் நிற்காது. மொவால் என்று வெட்டிவிடுகிறார்கள். (1344இல் இங்கே வந்த மொரோக்கோப் பயணி இப்னு பதூதா கொழும்பைக் கலன்பு என்று எழுதிவைத்தார். வந்தவர் காது எப்போதும் இப்படித்தான்.) வணிகர்கள் குடியேறிய தெரு, உள்ளூர்க்காரர் வாயில் மொவாலித் தெரு ஆகிறது. அவர்களுடைய பிள்ளைகள் மொவாலியார்.

நூறு ஆண்டு கழித்து உள்நாட்டு அரசன் ஒருவன் துறைமுகத்தைப் பிடிக்கிறான். கடலைக் கண்டிராத அவனுடைய எழுத்தன் வரி ஏட்டில் ‘மூவாலயம்’ என்று எழுதிவிடுகிறான். மூன்று ஆலயம் எங்கே என்று கேள்வி வருகிறது. இரண்டு இருக்கிறது, மூன்றாவது கடலுக்குள் போய்விட்டது என்று ஒரு பூசாரி சொல்கிறார். அடுத்த தலைமுறையில் அந்தக் கடலடிக் கோயிலைத் தேடி மூழ்குகிறவர்கள் உண்டு. கதை தொடங்கிவிட்டது. நாம் செய்ததெல்லாம் ஒரு பெயரை நான்கு வாய்களுக்குள் செலுத்தியதுதான்.

இது மிகைப்படுத்தல் என்று நினைக்க வேண்டாம். வெள்ளவத்தை என்ற பெயரில் தமிழ்க் காதுக்கு வெள்ளம் கேட்கும், வெள்ளை கேட்கும். சிங்களத்தில் அது மணலும் தோட்டமும்.

‘எல்ட்ராக்’, ‘த்ரிண்டால்’ மாதிரிப் பெயர்கள் தமிழில் ஏன் ஒட்டுவதில்லை?

இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது ஒலி. தமிழ்ச் சொல்லின் முதலில் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வருவதில்லை, மெய்யெழுத்தும் வருவதில்லை. அப்படி ஒரு சொல் வெளியிலிருந்து வந்தால் முன்னால் ஓர் உயிரெழுத்து வந்து கைகொடுக்கும். லங்கா இலங்கையானது அப்படித்தான். நாம் வாழும் நாட்டின் பெயரே இதற்குச் சான்று. சொல்லின் இறுதியில் க், ட், ப் போன்ற வல்லின மெய்கள் நிற்பதில்லை. ஓர் உகரம் வந்து சேரும். ஆங்கிலத்தின் ‘கேக்’ நம் பேச்சில் கேக்கு ஆவது அப்படித்தான்.

இரண்டாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. தமிழில் பெயர் தனியாக நிற்பது குறைவு. வேற்றுமை உருபு வந்து ஒட்டும்போது பெயர் உருமாறும். மரம், மரத்தில். ஆறு, ஆற்றில். உங்கள் பெயரால் அப்படி மாற முடிகிறதா என்று பாருங்கள். ‘த்ராக்’ என்ற நகருக்கு ஒருவனை அனுப்பினால் ‘த்ராக்குக்கு’ என்று எழுத வேண்டியிருக்கும். வாசகர் தடுக்கி விழுவார். ‘நவறு’ என்று ஓர் ஆற்றுக்குப் பெயர் வையுங்கள்: நவற்றில் குளித்தான், நவற்றங்கரையில் நின்றான். ‘ஒழுவம்’ என்று ஒரு நாடு: ஒழுவத்தார், ஒழுவத்துக் குதிரை. அகராதியில் இல்லாத சொற்கள் இவை. ஆனாலும் தமிழ் இவற்றைத் தன் பிள்ளைகளைப் போலத் தூக்கிக்கொள்கிறது.

ஆட்பெயருக்கு இன்னொரு சோதனை உண்டு: தாய் அந்தப் பிள்ளையைத் தூரத்திலிருந்து கூப்பிடட்டும். மேழவன் என்றால் ‘மேழவா!’ என்று நீட்டலாம். தொல்காப்பியம் கூப்பிடும் முறைக்கென்றே விளிமரபு என ஓர் இயல் வைத்திருக்கிறது. நீட்டிக் கூப்பிட முடியாத பெயருக்கு உரியவன் அந்த வீட்டில் வளர்ந்தவன் என்று நம்புவது கடினம்.

கிரந்த எழுத்துகளைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம். ஆனால் ஓர் இனத்துக்கு மட்டும் கொடுங்கள். ஜ, ஷ, ஹ ஆகியவை வேற்றுநாட்டாரிடம் மட்டும் இருந்தால், பெயரைக் கேட்டவுடனே ‘இவர் வெளியார்’ என்று வாசகர் அறிவார். எல்லாரிடமும் இருந்தால் எவருக்கும் பயனில்லை.

நான் நினைக்கும் ஒலியும் வாசகர் வாசிக்கும் ஒலியும் வேறாக இருக்கிறதே?

நம் எழுத்தின் இயல்பு அது. சொல்லின் முதலில் வரும் ‘க’வை வாசகர் வன்மையாகவே வாசிப்பார், ‘ங்க’ என்று மெல்லினத்துக்குப் பின் வந்தால் குரல் தானாகக் கனக்கும். கனத்த ஒலி வேண்டுமானால் பெயரின் நடுவில், மெல்லினத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். முதலெழுத்தில் அடம்பிடிக்க வேண்டாம்.

கடலுக்கு இருபுறமும் வாசகர் இருந்தால் இன்னொன்று. கனடாவின் பெரிய நகரத்தை நம்மில் பலர் ரொறொன்ரோ என்று எழுதுகிறோம், சென்னையில் டொரண்டோ என்கிறார்கள். ‘ற’, ‘ர’ வைத்து நாம் எழுதும் ஒலியை அங்கே வேறாக வாசிப்பார்கள். இந்த இடத்தில் விழாத பெயராகத் தேர்ந்தெடுத்தால் போதும்.

இரண்டு இனங்களின் பெயர்கள் வேறு வேறாகக் கேட்க என்ன செய்வது?

ஒலியைப் பங்கிடுங்கள். மலைநாட்டாருக்கு மெல்லினமும் இடையினமும் மட்டும்: மேழவன், ஒயிலி, நாமரை, அயினூழி. வறண்ட நிலத்தாருக்கு இரட்டிக்கும் வல்லினம்: கொட்டறன், தட்டக்கை, பறுக்கி. விளக்கம் எதுவும் சொல்லாமலே மூன்றாவது அத்தியாயத்தில் ‘தட்டக்கை உள்ளே வந்தாள்’ என்று எழுதினால், அவள் எந்தப் பக்கத்தவள் என்று வாசகர் அறிந்திருப்பார். கலப்புத் திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கு என்ன பெயர் என்பது அப்போது உண்மையான குடும்பச் சண்டையாகும். ‘நாமறுக்கி’ என்று அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைத்தால் பாட்டி பாதியை மட்டுமே கூப்பிடுவாள்.

மலைநாட்டாரை மென்மையானவர்களாகவும் வறண்ட நிலத்தாரைக் கொடியவர்களாகவும் காட்டிவிடாதீர்கள். வல்லினம் என்றால் வில்லன் என்ற சமன்பாடு சோம்பலானது.

ஒரு நாடு இன்னொன்றை ஆண்ட வரலாறு என் கதையில் உண்டு. அதை மொழியில் எப்படிக் காட்டுவது?

இந்தக் கேள்விக்குக் கொழும்பில் இருப்பவரைவிட நன்றாக விடை அறிந்தவர் யார்? போர்த்துக்கேயர் 1505இல் வந்தார்கள். 1656இல் ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்தார்கள். 1796இல் ஆங்கிலேயர் வந்தார்கள். போனவர்கள் கோட்டையைவிட உறுதியாக விட்டுப்போனவை வீட்டுச் சொற்கள்தாம். காலையில் நாம் பாண் சாப்பிடுகிறோம், கதிரையில் இருக்கிறோம், சப்பாத்துப் போடுகிறோம், சட்டையை அலுமாரியில் வைக்கிறோம்; நான்கும் போர்த்துக்கேயர் தந்தவை. மேசையின் லாச்சியும் வேலைக்குப் போகும் கந்தோரும் ஒல்லாந்தருடையவை. காணிக்கு உரிமை சொல்லும் தோம்பு மறுபடியும் போர்த்துக்கேயம்.

இந்தப் பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். வந்தவர் கொண்டுவந்த பொருளுக்கு அவர் சொல். அவர் நடத்திய நிர்வாகத்துக்கு அவர் சொல். உறவுமுறைக்கும் உடம்புக்கும் உழவுக்கும் நம் சொல்லே. கதிரை அவருடையது, ‘இரு’ என்று சொல்வது நம்முடையது. வினைச்சொற்கள் அசைவதில்லை. உங்கள் கதையில் வென்றவர்களின் மொழியைச் சமையலறைப் பொருள், உடை, வரி, வழக்கு ஆகியவற்றில் தூவுங்கள். தாலாட்டிலும் ஒப்பாரியிலும் அது நுழையக் கூடாது. எந்த வீட்டில் எத்தனை வென்றவர் சொற்கள் புழங்குகின்றன என்பதே அந்த வீட்டின் அரசியலைச் சொல்லிவிடும்.

சில பெயர்களை மக்கள் ஏற்கவே மாட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். 1656 முற்றுகையில், நகரம் விழுமுன்பே இறந்த ஒல்லாந்தத் தளபதி ஹுல்ஃப்டின் பெயரால் அமைந்த இடம் ஆங்கிலத்தில் இன்றும் அவர் பெயரையே தாங்குகிறது. தமிழில் நாம் அதைப் புதுக்கடை என்கிறோம். நீதிமன்றத்துக்குப் போகிறவர் எவரும் தளபதியை நினைப்பதில்லை.

ஆட்களுக்கு வர்மன், சேனன், தேவி தவிர வேறு வழி இல்லையா?

நிறைய உண்டு. இயற்பெயர் தெரியாத சங்கப் புலவர்களுக்கு அவர்கள் பாடிய உவமையையே பெயராக வைத்தார்கள்: செம்புலப்பெயல்நீரார், ஓரேருழவர், தேய்புரிப் பழங்கயிற்றினார். தேய்ந்த பழங்கயிற்றை இரண்டு யானைகள் இருபுறமும் இழுப்பதைப் பாடியவர் அந்தக் கயிறாகவே நிலைத்துவிட்டார். ஒரு மனிதர் சொன்ன ஒரே சொற்றொடர் அவருடைய பெயராகும் நாட்டைக் கற்பனை செய்யுங்கள். அங்கே பிள்ளைகளுக்குப் பெயரே இருக்காது. அவர்கள் முதன்முதலாக மறக்க முடியாத ஒன்றைச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும்.

அதோடு, ஒருவரை எல்லாரும் ஒரே பெயரால் அழைப்பதில்லை. அரசவையில் ஒன்று, வீட்டில் ஒன்று. மச்சாள் கூப்பிடும் பெயர் பகைவனுக்குத் தெரிந்துவிட்டால் அதுவே கதையின் திருப்பம்.

டிராகன், எல்ஃப் போன்றவற்றுக்குத் தமிழில் என்ன சொல்வது?

டிராகன் உங்களுக்கு உண்மையாகவே வேண்டுமானால் டிராகன் என்றே எழுதுங்கள். வாசகருக்குத் தெரிந்த சொல்தான். ‘பறக்கும் நெருப்புப் பாம்பு’ என்று நீட்டினால் பயம் போய்விடும்.

ஆனால் அது ஏன் வேண்டும் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நம் இலக்கியத்தில் அசுணம் என்று ஓர் உயிர் உண்டு. யாழிசையில் மயங்கி நிற்கும், பறையின் கடும் ஒலி கேட்டால் உயிரை விடும். ஆண்டலை என்று மனிதத் தலையுள்ள பறவை உண்டு. ஓருயிரும் இரண்டு தலைகளுமாக இருதலைப்புள் உண்டு. கொல்லிமலைப் பாவை சிரித்தே கொல்லும். கோயில் தூணில் யாளி நிற்கிறது. அசுணத்தை வேட்டையாடும் ஒருவன் முதலில் யாழ் வாசிக்கக் கற்க வேண்டும். அவன் வாசித்து மயக்கிய பிறகு பறையை அடிப்பவன் யார்? நெருப்புக் கக்கும் எந்த விலங்கிலும் இந்தக் கொடுமை இல்லை.

ஒரு எல்லையை மட்டும் மதியுங்கள். அண்ணமார், நாச்சிமார், பெரியதம்பிரான் ஆகியோர் வடக்கில் இன்றும் பொங்கல் பெறும் தெய்வங்கள். அவர்களைக் கதையின் பூதமாக்குவது ஒருவர் வீட்டு முற்றத்தை மிதிப்பதாகும்.

மந்திரச் சொற்களை எப்படி உருவாக்குவது?

‘ஓம், ஹ்ரீம்’ பாணியை விட்டுவிடுங்கள். அது வழிபாட்டுக்குரியது, கேட்டும் சலித்துவிட்டது. நம் இலக்கணத்தில் இதற்கு ஒரு புதையல் இருக்கிறது. ஒரு சொல்லை நேரே சொல்லாமல் அதற்குப் பதிலாகத் தகுந்த வேறொன்றைச் சொல்வது தகுதி வழக்கு; மங்கலம், இடக்கரடக்கல், குழூஉக்குறி என்று அதில் மூன்றைச் சொல்வார்கள். குழூஉக்குறி என்பது ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் பேசும் சொல். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்றும், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்றும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்றும் சொன்னதாக உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். கள்ளுக்குச் சொல்விளம்பி! குடித்தவன் உளறிவிடுவான் என்பதைப் பெயரே சொல்கிறது.

செட்டியார் தெருவின் நகைக்கடை ஒன்றில் வாடிக்கையாளர் முன்னால் முதலாளியும் பத்தரும் இரண்டு சொல்லில் விலை பேசி முடிப்பதாக ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். அந்த இரண்டு சொற்களின் வலிமை அவற்றின் ஒலியில் இல்லை. கேட்டுக்கொண்டிருப்பவருக்குப் புரியவில்லை என்பதில் இருக்கிறது. மந்திரமும் இதுதான்.

மங்கலம் இன்னும் ஆழமானது. சுடுகாட்டை நன்காடு என்பார்கள். விளக்கை அணை என்று சொல்லாமல் வேறு விதமாகச் சொல்வார்கள். மட்டக்களப்பு வயற்களத்தில் சூடு மிதிக்கும் நேரத்தில் நெல்லை நெல் என்னாமல் பொலி என்பார்கள். களத்துக்கென்றே தனிச் சொற்கள் இருந்தன. சொன்னால் கேட்டுவிடும் ஏதோ ஒன்று பக்கத்தில் நிற்கிறது என்ற உணர்வு அது. உங்கள் உலகில் சொல்லக் கூடாத ஒரே ஒரு சொல்லை முடிவு செய்யுங்கள். அதைச் சுற்றி மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று எழுதுங்கள். அந்தச் சொல்லை நூல் முழுவதும் நீங்களும் எழுதாதீர்கள்.

முழு மொழியையே உருவாக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. அது தனிக் கலை. அதில் ஆசை இருந்தால் செய்யலாம். கதைக்கு ஒரு கைப்பிடிச் சொல் போதும், அவை தமிழைப் போல நடந்தால்.

புதிய வினை வேண்டும்போது தமிழின் இணை வினைகளைப் பாருங்கள்: அடங்கு, அடக்கு, திரும்பு, திருப்பு. தானே நிகழ்வது ஒன்று, பிறர் நிகழ்த்துவது மற்றொன்று. இப்போது ‘நெவுங்கு’ என்று ஒன்றை உருவாக்குவோம். ‘கிழவி கல்லை நெவுக்கினாள். கல் மெல்ல நெவுங்கியது. நெவுங்கிய கல்லில் காது வைத்தால் மழை கேட்கும்.’ பொருள் சொல்லவே இல்லை. இருந்தும் யார் எதைச் செய்தார், எதற்கு என்ன ஆனது என்பது தெரிந்துவிட்டது. ‘நெவுக்கும் சக்தியைப் பயன்படுத்தினாள்’ என்று எழுதியிருந்தால் அது இறந்த சொல்.

அளவைகளுக்கும் காலத்துக்கும் புதுப்பெயர் தேவையா?

மைல், மணி என்று எழுதினால் கதை உலகம் உடனே காலி வீதிக்கு வந்துவிடும் என்பது உண்மை. ஆனால் எண்ணையும் பெயரையும் வெறுமனே மாற்றுவதால் பயனில்லை. அளவை ஒரு பொருளிலிருந்து வர வேண்டும். நம்மவர் தூரத்தைக் கட்டை என்றது மைற்கல்லைப் பார்த்து. அரிசியைச் சுண்டுக் கணக்கில் அளந்தபோது, வெறுமையான டின்பால் பேணியே பல வீடுகளில் சுண்டானது. உங்கள் ஊரில் எந்தப் பாத்திரம் எல்லா வீட்டிலும் இருக்கிறது? அதுவே அளவை. பழைய நாழிகையை எடுத்துக்கொண்டாலும் நன்று. நாளுக்கு 60 நாழிகை, ஒன்று நம் கணக்கில் 24 நிமிடம்.

வைத்த பெயருக்கு வேறு மொழியில் தவறான பொருள் இருந்தால்?

சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், சிங்களம் தெரிந்த நண்பரிடம் கேளுங்கள். இளவரசி மல்லி என்று வைத்தால் கொழும்பு வாசகர் காதில் ‘தம்பி’ என்று விழும். கிரி என்று மலைக்குப் பெயரிட்டால் பால் நினைவுக்கு வரும். உப்பளத்து ஏரிக்கரை நகரத்துக்கு உப்பேரி என்பது அழகாகத்தான் இருக்கிறது. மலையாளிக்கு அது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் பொரியல். இவற்றைவிட முக்கியம், பெயர் ஏதாவது சாதிப் பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. அதில் கவனக்குறைவுக்கு இடமே இல்லை.

நூலின் இறுதியில் சொற்பொருள் பட்டியல் போடலாமா?

போடலாம், அதை நம்பி எழுதாதீர்கள்.

பாதிக் கதையில் பெயரை மாற்ற நினைத்தால்?

இப்போதே மாற்றுங்கள், ஆனால் கணினியின் தேடி மாற்றும் வசதியிடம் கண்ணை மூடிக்கொண்டு ஒப்படைக்காதீர்கள். ‘ஒழுவம்’ என்று தேடினால் ஒழுவத்தில், ஒழுவத்தார் என்பவை அகப்படாது. ‘ஒழுவ’ வரை மட்டும் தேடுங்கள். ‘வேல்’ போன்ற குறும்பெயராக இருந்தால் ‘வேல்’ முதல் ‘வேல்விழி’ வரை எல்லாவற்றிலும் மாற்றம் நடந்துவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்ற வேண்டும். பெயர் வைக்கும் அன்றே ஒரு கொப்பியில் அதன் எழுவாய் வடிவம், ‘இல்’ சேர்ந்த வடிவம், ‘க்கு’ சேர்ந்த வடிவம், ஊராரைக் குறிக்கும் வடிவம், கூப்பிடும் வடிவம் ஆகியவற்றை ஒரே வரியில் எழுதிவைத்தால் பின்னர் எதையெல்லாம் தேட வேண்டும் என்பது கையில் இருக்கும்.